ஏரிக்கு மூச்சு எந்தப் பக்கம்? பழவேற்காட்டில் மணலும் பூநாரையும்: ஒரு நிகழ்வு ஆய்வு

சூளூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போகும் சாலை, ஏரியின் மேல் அடிக்கோல் வைத்துக் கிழித்த கோடு மாதிரி இருக்கும். ஜனவரியில் அதன் மேல் நின்றால் இரண்டு பக்கமும் தண்ணீர்தான். நான் வேலை பார்த்த பள்ளி தடாவுக்குப் பக்கத்தில். வீட்டில் தமிழும் மண்டல ஆபீஸில் தெலுங்கும் பேசுகிற ஊர். இங்கே 'பக்ஷுல பண்டுக' என்று சொல்லும் பறவைத் திருவிழா நடக்கிற வருடமானாலும் சரி, நடக்காத வருடமானாலும் சரி, பொங்கல் விடுமுறை முடிந்ததும் பிள்ளைகளை ஒரு வேனில் ஏற்றி அந்தச் சாலைக்குக் கூட்டிப்போவது என் வழக்கம்.

ஒரு வருடம் பூநாரைகள் சாலையை ஒட்டியே நின்றன. இறக்கையை விரித்தபோது உள்ளே இருந்த சிவப்பு வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. அடுத்த வருடம் அதே இடத்தில் சிற்றலை மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. தொலைநோக்கியை ஒருவர் கையிலிருந்து ஒருவர் பிடுங்கிப் பார்த்தும் தூரத்தில் ஒரு வெளிறிய கோடுதான் தெரிந்தது. அதுதான் பூநாரை என்று நான் சத்தியம் செய்யாத குறை.

"ஏன் சார் இந்த வருஷம் கிட்ட வரலை?" என்றான் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன்.

ராக்கெட் சத்தம், வண்டி, ஜனக்கூட்டம் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவன் விடவில்லை. "போன வருஷமும் ராக்கெட் விட்டாங்களே சார்."

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேடி அடுத்த ஒன்றரை வருடம் ஏரியைச் சுற்றினேன். பறவை காணாமல் போனது சாலை ஓரத்தில். காரணம் கிடந்ததோ ஏரி கடலோடு சேரும் இடங்களில், மணலுக்கு அடியில்.

இடம்

ஒடிசாவின் சிலிக்கா ஏரிக்கு அடுத்தபடி இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. வடக்கு தெற்காகச் சுமார் 60 கிலோமீட்டர் நீளம். பெரும்பகுதி ஆந்திராவில், தெற்கு மூலை தமிழ்நாட்டில். பார்க்கக் கடல் மாதிரி விரிந்திருந்தாலும் சராசரி ஆழம் ஒரு மீட்டர்தான். பல இடங்களில் படகைத் துடுப்பால் தள்ளுவதை விடக் கழியால் ஊன்றுவதே சுலபம். தெற்கே ஆரணியாறும் நடுவில் காளங்கியும் வந்து விழுகின்றன. வடகோடியில் சொர்ணமுகி. ஆந்திரப் பகுதி 1976-லும் தமிழ்நாட்டுப் பகுதி 1980-லும் பறவைகள் சரணாலயம் ஆயின.

ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா. ஊருக்கெல்லாம் அது ராக்கெட் தீவு. முதல் ராக்கெட் அங்கிருந்து கிளம்பியது 1971 அக்டோபரில். ஆனால் ஏவுதளத்தையும் குடியிருப்பையும் மனதில் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் அந்தத் தீவு ஒரு பெரிய மணல் வரப்புதான். சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் ஏறி ஒரு நிலைக்கு வந்த பிறகு, அலை கொண்டுவந்து அடுக்கிய மணல் வரிசைகள் கரைக்கு இணையாக ஒன்றன்பின் ஒன்றாகக் கிடக்கின்றன. வரிசைக்கு வரிசை நடுவே பள்ளம், மழைக்காலத்தில் அதில் தண்ணீர். ஏரியின் மேற்குப் பக்கம் மண்ணைத் தோண்டினாலும் கிளிஞ்சல் கிடைக்கிறது. சுண்ணாம்புக் காளவாய்க்கு அதை அள்ளிப் பிழைத்த குடும்பங்கள் உண்டு. இப்போது வயல் இருக்கிற இடம் ஒரு காலத்தில் தண்ணீருக்கு அடியில் இருந்ததற்கு அந்தக் கிளிஞ்சலை விட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

ஆந்திராவுக்கும் அன்றைய சென்னை மாகாணத்துக்கும் நடுவிலான எல்லையை 1960-ல் ஒரு முறை திருத்தினார்கள். மணல் தன் எல்லையை வருடத்துக்கு இரண்டு முறை திருத்துகிறது. அதைக் கணக்கில் எடுக்காமல் இந்த ஏரியில் எதையும் புரிந்துகொள்ள முடியாது என்பதுதான் நான் இங்கே சொல்லவருவது.

மூன்று வாய்கள்

ஏரிக்குக் கடலோடு மூன்று முகத்துவாரங்கள். தெற்கே பழவேற்காடு ஊருக்குப் பக்கத்தில் ஒன்று. நடுவில் ராயதொருவு. வடக்கே தூப்பிலிபாளையம். மூன்றில் எப்போதும் உயிரோடு இருப்பது தெற்கு வாய் மட்டும்தான் என்று சொல்லலாம். அதற்குமே வருடா வருடம் இழுபறி. சூளூர்ப்பேட்டையில் காளங்கிக் கரையில் இருக்கும் செங்காளம்மன் கோயிலுக்கு இரவும் பகலும் கதவு சாத்தும் வழக்கமே கிடையாது. அதே தண்ணீர் போய்ச் சேரும் ஏரிக்கோ வாசலைத் திறந்து வைக்க ஆளில்லை என்று எங்கள் ஊரில் வேடிக்கையாகச் சொல்வார்கள்.

மணல் எப்படி வந்து அடைக்கிறது? நம் கிழக்குக் கரையில் வருடத்தின் அதிக மாதங்கள் அலை தெற்கிலிருந்து சாய்வாக அடிக்கிறது. ஒவ்வொரு அலையும் ஒரு பிடி மணலைக் கொஞ்சம் வடக்கே நகர்த்தி வைக்கிறது. வாடைக்காற்று வீசும் மாதங்களில் இது திரும்பும். இரண்டையும் கூட்டிக் கழித்தால் மிஞ்சுவது வடக்கு நோக்கிய ஓட்டம். கரையோரமாக ஒரு மணல் ஆறு ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சென்னைத் துறைமுகத்தின் கற்சுவர்கள் கடலுக்குள் நீண்டபோது, தெற்கிலிருந்து வந்த மணல் அங்கே தட்டி நின்றது. மெரினா அகலமானது அப்படித்தான். சுவருக்கு வடக்கே ராயபுரம், காசிமேடு, எண்ணூர்க் கரைகளுக்கு மணல் வரவில்லை, கடல் ஊருக்குள் வந்தது. இன்றைக்கும் அங்கே பாறாங்கல் கொட்டிக்கொண்டே இருக்கிறோம். எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் பிறகு வந்த துறைமுகங்களும் அதே மணல் ஆற்றின் குறுக்கேதான் நிற்கின்றன. அவற்றுக்கு வடக்கே அடுத்த பெரிய இடம் பழவேற்காடு.

இந்த மணல் முகத்துவாரத்தின் எதிரே வரும்போது அதை உள்ளே விடாமல் தள்ளுவது தண்ணீரின் போக்குவரத்து. கடல் ஏறும்போது ஏரிக்குள் ஓடி, வடியும்போது திரும்பி வெளியே ஓடும் நீர்தான் வாயைக் கழுவி வைத்திருக்கிறது. இந்தக் கரையில் ஓதம் பெரியதில்லை, பௌர்ணமி அமாவாசையிலும் ஒரு மீட்டரை ஒட்டித்தான் ஏறி இறங்கும். அதனால் உள்ளே போய் வரும் தண்ணீரின் மொத்த அளவு முக்கியம். ஏரி ஆழமாக இருந்தால் நிறையத் தண்ணீர் போய் வரும், வாய் அகலமாக இருக்கும். ஆறு கொண்டுவரும் வண்டல் ஏரியைத் தூர்த்தால் போய் வரும் தண்ணீர் குறையும், வாய் சுருங்கும். வாய் சுருங்கினால் வண்டல் வெளியேறாது, ஏரி இன்னும் தூரும். ஒன்று மற்றொன்றை இழுத்துக்கொண்டு போகிறது.

என்னை முகத்துவாரத்துக்குக் கூட்டிப்போன படகுக்காரப் பெரியவர் இதை எனக்கு முன்பே முடித்துவிட்டார். "ஏரி மூச்சு வாங்கணும் சார். வாயில மண்ணு போட்டா எவன் மூச்சு வாங்குவான்?"

"ஆறு மாசம் மழைத் தண்ணி வருதே அண்ணா, அது தள்ளிடாதா?" என்று கேட்டேன்.

"ஆத்துல மழைத் தண்ணிய யாரு சார் உடுறா? மேல பூரா அணை கட்டிக்கினாங்க."

கொஞ்சம் மிகைதான். ஆனால் வெள்ளம் ஒன்றே வாயைப் பெரிதாகக் கிழிக்கும் சக்தி, அந்த வெள்ளம் மேலேயே தேங்கிவிட்டால் ஏரி மாசி பங்குனிக்குள் வாயை இழக்கிறது என்பதில் அவர் சொன்னதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

மூடினால்

முதல் அடி இறாலுக்கு. வெள்ளை இறால் முட்டை போடுவது கடலில். குஞ்சு ஏரிக்குள் வந்து வளர்ந்து மறுபடி கடலுக்குப் போகிறது. ஏரியின் பெருமையான பச்சை நண்டுக்கும் அதே கதை: சினையான நண்டு கடலுக்குப் போயாக வேண்டும். மடவையும் கொடுவாவும் கூடக் கடலுக்கும் ஏரிக்கும் நடந்துகொண்டிருப்பவைதான். வாய் மூடினால் வரவும் இல்லை, போகவும் வழியில்லை.

தெற்குப் பகுதியில் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் 'பாடு' என்று ஒரு முறை இருக்கிறது. முகத்துவாரத்தை ஒட்டிய நல்ல வலையிடங்களைச் சீட்டுப் போட்டு முறை வைத்துப் பகிர்ந்துகொள்வார்கள். இன்றைக்கு இந்த இடம் உனக்கு, நாளைக்கு இன்னொருவருக்கு. எந்தச் சட்டப் புத்தகமும் இல்லாமல் தலைமுறைகளாக நடக்கும் இந்த ஏற்பாடு நிற்பதே வாய் திறந்திருக்கிறது என்ற நம்பிக்கையின் மேல்தான். வாய் அடைத்த மாதங்களில் பாடு முறைக்கு மதிப்பில்லை, எல்லோரும் மிச்சத் தண்ணீருக்கு ஓடுகிறார்கள். மாநில எல்லை தாண்டினாய், தாண்டவில்லை என்ற சண்டையும் அப்போதுதான் சூடு பிடிக்கிறது. பாடு முறையில் பங்கே இல்லாத இருளர், யானாதிப் பழங்குடிப் பெண்கள் இன்னும் கீழே: பனையோலைப் பறியை வாயில் கவ்விக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் கையால் சேற்றைத் தடவி இறால் பிடிப்பவர்கள். உப்பேறி, சூடேறிக் குறைந்துபோன தண்ணீரில் அவர்களுக்கு என்ன கிடைக்கும்?

இனிப் பறவைக்கு வருவோம். பையனின் கேள்வியை நான் முதலில் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தேன். வாய் மூடினால் ஏரி வறண்டுபோகும், பறவை வராது என்று நினைத்தேன். ஆனால் பறவை கிட்டே வராத அந்த ஜனவரியில் ஏரி வறண்டிருக்கவில்லை, தளும்பிக்கொண்டிருந்தது.

பூநாரை உயரமான பறவை, நெடுங்கால். இருந்தும் அது சாப்பிடும் முறை விசித்திரம். தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகச் சேற்றில் வைத்து, தண்ணீரை உறிஞ்சி வடிகட்டிச் சிறு உயிரிகளையும் பாசியையும் எடுக்கிறது. நின்றபடி தலை அடிமண்ணுக்கு எட்ட வேண்டும். முழங்கால் தண்ணீர் உத்தமம். உள்ளான் வகைகளுக்கு அதுவும் ஆகாது, விரற்கடை ஆழமும் ஈரச் சேறும் வேண்டும். கூழைக்கடாவோ ஆழத்திலும் நீந்தி மீன் பிடித்துவிடும். ஆகவே எந்தப் பறவை எங்கே நிற்கிறது என்பதைத் தண்ணீரின் ஆழம் தீர்மானிக்கிறது. அன்றைக்கு நாங்கள் சாலையிலிருந்து பார்த்தபோது பக்கத்தில் நிறையக் கூழைக்கடா இருந்ததை நான் பார்த்தும் பார்க்காமல் விட்டிருக்கிறேன்.

வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்தால் ஏரி நிரம்பும். ராயதொருவு வாய் நன்றாகத் திறந்திருந்தால் வடபகுதியின் தண்ணீர் மார்கழிக்குள் மளமளவென்று இறங்கி, தை மாதம் சாலை ஓரம் முழங்கால் ஆழத்துக்கு வந்துவிடும். அது தூர்ந்து கிடந்தால் அத்தனை தண்ணீரும் தெற்கு வாய்க்குச் சுற்றிப் போக வேண்டும். நடுவில் இந்தச் சாலை வேறு குறுக்கே கிடக்கிறது, அதன் சிறு பாலங்களின் வழியாகத்தான் நுழைந்து போகவேண்டும். தை வந்தும் தண்ணீர் இடுப்பளவு நிற்கிறது. பூநாரை மேடு தேடி ஏரியின் நடுவிலுள்ள திட்டுகளுக்குப் போய்விடுகிறது.

மழை பொய்த்த வருடத்தில் நேர் எதிர். வாயும் மூடி, மழையும் இல்லையென்றால் வடபகுதி மாசிக்குள் வெள்ளை வெளேரென்று உப்புப் பூத்த களர். காற்றடித்தால் கண்ணெல்லாம் உப்புத்தூசி. அப்போதும் பூநாரை இல்லை. தண்ணீர் கூடினாலும் பறவை இல்லை, குறைந்தாலும் இல்லை என்றால் திருவிழாவுக்கு வருபவர்கள் குழம்பத்தானே செய்வார்கள். இரண்டுக்கும் வேர் ஒன்றே: ஏரி தன் தண்ணீர் மட்டத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் திறமை வாயில் இருந்தது, அந்த வாயில் இப்போது மணல்.

நேலப்பட்டுச் சரணாலயம் சூளூர்ப்பேட்டைக்கு வடக்கே கொஞ்ச தூரம்தான். குளத்துக்குள் நிற்கும் கடம்ப மரங்களில் கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் கூடு கட்டுகின்றன. கூடு அங்கே, குஞ்சுக்கு மீன் பெரும்பாலும் இந்த ஏரியில். ஏரியில் வாய் அடைத்தால் அந்த மரக்கிளை வரைக்கும் தட்டும்.

மேட்டின் மேல்

முகத்துவாரத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தால் ஆய்வு அங்கேயே முடிந்திருக்கும். மணல்தான் வில்லன், அள்ளிப் போட்டால் தீர்ந்தது என்று எழுதியிருப்பேன். படகுக்காரர் மதியச் சோற்றுக்குக் கரை ஏறி மணல்மேட்டின் நிழலில் உட்கார்ந்தார். குடிக்கத் தண்ணீர் வேண்டும் என்றேன். அவர் எழுந்துபோய் மேட்டின் பின்புறச் சரிவில் ஒரு குழியைக் காட்டினார். கையெட்டும் ஆழத்தில் தண்ணீர். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் உவர் ஏரி, நடுவில் இளநீர் மாதிரி நல்ல தண்ணீர்.

இதில் மாயமில்லை. மழைநீர் மணலில் இறங்குகிறது. உப்பு நீரை விட நல்ல நீர் கனம் குறைவு, அதனால் அடியில் இருக்கும் உப்பு நீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நல்ல தண்ணீர் நின்றால், கணக்குப்படி கீழே சுமார் 40 மீட்டர் வரைக்கும் அது உப்பு நீரை அமுக்கி வைத்திருக்கும். மேட்டைக் கரைத்தால், அல்லது மோட்டார் வைத்து உறிஞ்சினால், மேலே ஓர் அடி குறைவதற்கு அடியில் 40 அடி உப்பு ஏறும். இதே வட்டாரத்தில் மீஞ்சூர்ப் பக்கம் சென்னைக் குடிநீருக்காக இறைத்து இறைத்துக் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே வந்ததை விவசாயிகள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

நெல்லூர்க் கரையில் இப்படி மணலில் பறித்த ஊற்றுக் குழிக்குத் தெலுங்கில் 'தொருவு' என்று பெயர். ராயதொருவு என்ற பெயருக்குள்ளேயே அது உட்கார்ந்திருக்கிறது. இத்தனை வருடம் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தும் அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

ஸ்பெயின் நாட்டின் தென்கரையில் தொன்யானா என்று ஒரு தேசியப் பூங்கா, 1969-ல் அமைந்தது. அங்கே மணல்மேடுகள் நடந்துபோய்ப் பைன் மரங்களை விழுங்கும், சதுப்பில் பூநாரை நிற்கும். உலகமே பார்க்கப் போகிற இடம். சுற்றுப்புற ஸ்ட்ராபெரித் தோட்டங்கள் மணலுக்கு அடியிலிருந்த நீரை உறிஞ்ச, மழையும் பொய்க்க, வற்றாது என்று பெயரெடுத்த அங்குள்ள பெரிய குட்டை 2022-லும் 2023-லும் வற்றிப்போனது. பூங்காவின் வேலிக்கு உள்ளே ஒரு பிடி மணலையும் யாரும் தொடாமலே அது நடந்தது. நம் பக்கம் வேலியே கிடையாது.

மணல்மேட்டைக் கட்டி வைத்திருப்பவை இரண்டு செடிகள். முதலில் இராவணன் மீசை. ஊசி ஊசியாக நிற்கும் புல், காலில் குத்தினால் தெரியும் பெயரின் பொருத்தம். காற்றில் வரும் மணல் அதில் தட்டி விழுகிறது, செடி புதைகிறது, புதையப் புதைய மேலே வளர்கிறது. அதன் விதைத்தலை முள்ளுருண்டையாகப் பிரிந்து கடற்கரையில் காற்றோடு உருண்டு ஓடுவதைப் பார்த்தால் பிள்ளைகள் துரத்தாமல் இருக்கமாட்டார்கள். அடுத்து அடப்பங்கொடி. ஆட்டுக்குளம்பு போல இலை, ஊதாப் பூ. சங்கப் பாட்டின் நெய்தல் நிலத்தில் அடும்பு என்று வருவது இதுதான். தலைவி ஓடி விளையாட்டாக விரட்டும் அலவன் என்கிற நண்டும் அதே இடத்தில் இன்னும் வளை பறித்துக்கொண்டிருக்கிறது. இரண்டாயிரம் வருடமாக முகவரி மாறாத குடித்தனம்.

மாசி பங்குனியில் பங்குனி ஆமை கரையேறுவதும் இந்த மேட்டின் அடிவாரத்தில்தான். இரவில் வந்து, பின்காலால் முழங்கை ஆழத்துக்குக் குழி பறித்து, நூறு முட்டைக்கு மேல் இட்டு, மூடிவிட்டுப் போகிறது. மணலின் சூட்டில் ஏழெட்டு வாரத்தில் பொரிக்கும். சூடு கூடினால் பெண் அதிகம், குறைந்தால் ஆண் அதிகம். நரியும் நாயும் மோப்பம் பிடித்துத் தோண்டுகின்றன. ஆனால் நரி தின்றதை விட வலை கொன்றது பல மடங்கு: 2025 ஜனவரியில் சென்னை வட்டாரக் கரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. இழுவலைக்குள் மாட்டி, மூச்சு வாங்க மேலே வர முடியாமல் மூழ்கியவை. ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுத் தடை இருக்கிறது, ஆனால் ஆமை வரும் காலம் அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

சவுக்கைப் பற்றி எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு கரையெங்கும் சவுக்கு நட்டார்கள். கடலைத் தடுக்கும் அரண் என்றார்கள். சில இடங்களில் நடுவதற்கு வசதியாக மணல்மேட்டையே சமப்படுத்தினார்கள், அரண் கட்டுவதற்காகக் கோட்டையை இடித்த மாதிரி. சவுக்கு வெளியூர் மரம். அதன் ஊசிச் சருகு கனமாக விழுந்து கிடக்கும் இடத்தில் அடப்பங்கொடி எழும்பாது. நிழல் விழுந்து வேர் பின்னிக் கிடக்கும் கரையில் ஆமைக்குக் குழி பறிக்கவும் கடினம். மேட்டுக்குப் பின்னால், வயலோரம், விறகுக்கும் கம்புக்கும் சவுக்குப் போடட்டும், அது ஏழைக்குக் காசு. கடலைப் பார்த்த முதல் மேட்டில் அதற்கு வேலையில்லை.

ஸ்ரீஹரிகோட்டாவுக்குள் வேறு காட்சி. வெளியாள் நுழைய முடியாததால் பாலை, நாவல், காசா, பிரம்பு எல்லாம் கலந்த உலர் பசுமைமாறாக் காடு அங்கே தப்பியிருக்கிறது. சோழமண்டலக் கரையில் இந்த வகைக் காடு மற்ற இடங்களில் கோயில்காடு அளவுக்குச் சுருங்கிவிட்டது. ராக்கெட் காட்டைக் காப்பாற்றியது உண்மை. அதற்காகத் தீவிலிருந்த யானாதிகள் பலர் வெளியேற நேர்ந்ததும் உண்மை.

என்ன செய்யலாம்

மூன்று வழிகள் பேசப்படுகின்றன. பழைய வழி, மழை பெய்து ஏரி கடலை விட உயர்ந்து நிற்கும் நேரம் பார்த்து ஊரே மண்வெட்டியோடு போய் ஒரு வாய்க்கால் கீறிவிடுவது. மிச்சத்தைத் தண்ணீர் தானே கிழித்துக்கொள்ளும். செலவு குறைவு, நேரம் தப்பினால் பலனில்லை. இரண்டாவது, இயந்திரத்தால் தூர்வாருவது. தூர்வாரியதைக் கடல் அடுத்த சில மாதங்களில் நிரப்பிவிடுகிறது. மூன்றாவது, முகத்துவாரத்தின் இருபுறமும் கடலுக்குள் நேர்கல் சுவர் கட்டி நிரந்தரமாகத் திறந்து வைப்பது. தெற்கு வாய்க்குத் தமிழ்நாடு அரசு சுமார் 27 கோடி ரூபாயில் எடுத்துக்கொண்ட திட்டம் இதுதான். மீனவர்கள் பல வருடம் கேட்டுக் கிடைத்தது.

நான் முதலில் சுவருக்கு எதிராகத்தான் இருந்தேன். ராயபுரத்தைப் பார்த்தவன் வேறு எப்படி இருப்பான்? ஆனால் பங்குனியில் வலையைக் காயப்போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும் குப்பத்தில் போய், மணல் ஆற்றைப் பற்றிப் பாடம் எடுக்க எனக்கு வாய் வரவில்லை. அவர்களுக்கு இந்த வருடம் இறால் வேண்டும்.

ஆக, சுவர் வரட்டும், ஆனால் ஒரு நிபந்தனையோடு. தெற்குச் சுவரில் தட்டி நிற்கும் மணலையும் வாயிலிருந்து வாரும் மணலையும் விற்காமல், ஏரிக்கரையில் கொட்டாமல், வடக்குச் சுவருக்கு அப்பால் கரையில் கொண்டுபோய்ப் போட வேண்டும். அலை செய்துகொண்டிருந்த வேலையை நாம் லாரியிலோ குழாயிலோ செய்துகொடுக்க வேண்டும், வருடா வருடம். இல்லையென்றால் அடுத்து அரிக்கப்போவது ஸ்ரீஹரிகோட்டாவின் தென்கரை: ஆமையின் கரை, ஊற்று இருக்கும் மேடு. கட்டும் செலவை மட்டும் பார்த்து, மணல் கடத்தும் செலவை மறந்தால் அது பாதித் திட்டம்.

சிலிக்காவை எல்லோரும் உதாரணம் காட்டுகிறார்கள். 2000 செப்டம்பரில் அங்கே புது வாய் வெட்டினார்கள், மீன் திரும்பியது. அழிவின் விளிம்பில் இருக்கும் சதுப்புநிலங்களின் உலகப் பட்டியலிலிருந்து 2002-ல் ஏரியின் பெயர் நீங்கியது. பெரிய சாதனை. ஆனால் அங்கே சுவர் கட்டவில்லை, இடம் பார்த்து வெட்டினார்கள், அதோடு மேலே ஆற்றுப் படுகைகளிலும் வேலை பார்த்தார்கள். அதற்குப் பிறகும் கடல் அங்கே தானாக வேறு வாய் திறந்தது. வாய் வெட்டிய படத்தைக் காட்டுபவர்கள் மலைச்சரிவில் நடந்த வேலையைக் காட்டுவதில்லை.

ஆந்திரப் பக்கம் என் விண்ணப்பம் சின்னது. ராயதொருவைத் தூர்வாரும்போது சாலைக்குக் கீழுள்ள பாலத் திறப்புகளையும் அகலப்படுத்துங்கள். வாயைத் திறந்து தொண்டையை நெரித்தால் பயனில்லை.

அந்தப் பையன் இப்போது பத்தாம் வகுப்பு. போன தை மாதம் அவனும் இன்னும் நாலு பேரும் என்னோடு சாலைக்கு வந்தார்கள். அட்டகானிதிப்பவைத் தாண்டி வண்டியை நிறுத்தியதும் மற்றவர்கள் தொலைநோக்கிக்கு அடித்துக்கொண்டார்கள். அவன் செருப்பைக் கழற்றிவிட்டுச் சரிவில் இறங்கித் தண்ணீரில் நின்றான். மேலே வந்து நோட்டில் எழுதினான்: 'சாலை ஓரம், கிழக்குப் பக்கம். தண்ணீர்: முழங்காலுக்கு நாலு விரல் கீழே.' அதற்கு அடுத்த வரியில்தான் பறவை.